அரிசிப் பை வந்து சேருகிறது, கீரைக்கட்டு ஏன் வருவதில்லை?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் எந்தத் தாமானுக்குள், அதாவது குடியிருப்புக்குள், நுழைந்தாலும் அந்த உதவிப் பைகளைப் பார்க்கலாம். ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ சீனி, ஒரு பாட்டில் எண்ணெய், இரண்டு டின் கெட்டிப்பால், சாடின் மீன் டின், மீ (நூடல்ஸ்) பாக்கெட், பிஸ்கட், மைலோ. கோயில், சங்கம், கட்சி, பேரங்காடி என்று யார் கொடுத்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய இதேதான். கொடுப்பவர்கள் மனசில் குறை இல்லை. வாங்கிப் போகும் வீட்டுக்கு அந்த அரிசி நிஜமாகவே தேவைப்படுகிறது. ஆனால் அந்தப் பையை மட்டும் வைத்து ஒரு நாள் சமையலை யோசித்துப் பாருங்கள். காலையில் பசியாற பிஸ்கட்டும் கெட்டிப்பால் தேத்தண்ணியும். மதியம் சோறும் சாடினும். இரவுக்கு மீ. மூன்று வேளையிலும் தட்டில் பச்சையாக ஒன்றும் இருக்காது.

இதே ஊரிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் கேமரன் மலை. நாடு சாப்பிடும் காய்கறியில் ஒரு பெரிய பங்கு அங்கேதான் விளைகிறது. அதைவிடப் பக்கத்திலேயே, பேராக்கின் பல மூலைகளில், மருந்தடிக்காமல் காய்கறி வளர்க்கும் சிறு பண்ணைகள் இருக்கின்றன. அவற்றின் விளைச்சல் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் போகிறது. தோட்டத்து மக்கள் குடியிருக்கும் மலிவு விலை வீடுகளுக்கு வருவதில்லை. விலை அதற்கு ஒரு காரணம், சரி. ஆனால் இலவசமாகக் கொடுக்க மனசுள்ளவர்கள்கூட ஏன் அரிசியைக் கொடுக்கிறார்கள், கீரையைக் கொடுப்பதில்லை?

அரிசி காத்திருக்கும் என்பதுதான் பதில். இன்று வாங்கி, அடுத்த வாரம் மண்டபத்தில் அடுக்கி, அதற்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைவர் வந்து பேசி முடித்த பிறகு கொடுத்தாலும் அது அரிசியாகவே இருக்கும். விடியற்காலையில் அறுத்த தண்டுக்கீரை நம் ஊர் வெயிலில் மாலைக்குள் துவண்டுவிடும். அரிசிப் பையை முன்பின் தெரியாதவர் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கொடுத்துவிட்டுப் போகலாம். கீரை கொடுக்க வேண்டுமானால் கொடுப்பவர் பக்கத்தில் இருக்க வேண்டும், வாரா வாரம் வர வேண்டும், எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன நோய் என்று தெரிந்திருக்க வேண்டும். நல்ல உணவைத் தானம் செய்வதில் பணத்தைவிட முறைதான் பெரிய தடையாக இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

லயத்துக்குப் பின்னால் இருந்த நிலம்

தோட்டத்து மக்களுக்குக் கீரை புதிதில்லை. 1877இல் தென்னமெரிக்க ரப்பர் மரத்தின் கன்றுகள் மலாயாவுக்கு வந்தபோது அவற்றில் சில நடப்பட்டது கோலாகங்சாரில். சுங்கை சிப்புட் அதே மாவட்டம். பிறகு தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையில் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். விடியுமுன் பெரட்டில் ஆள் கணக்கு, அப்புறம் பால் வடியப் பட்டையைக் கீறும் மரம் வெட்டு, மங்குக் கிண்ணத்தைத் துடைத்துப் பால் எடுத்து ஸ்டோரில் நிறுப்பது என்று நாள் ஓடியது. சம்பளம் குறைவு. அந்தக் குறைவான சம்பளத்திலும் ஒரு குடும்பம் தாக்குப்பிடித்ததற்கு, லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலம் ஒரு முக்கிய காரணம். காலனி அரசின் தொழிலாளர் சட்டமே, குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளி ஒருவருக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைக் காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ தோட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டும் என்று சொன்னது. அது சுமார் 2,700 சதுர அடி.

அந்த இடத்தில் என்ன இருந்தது என்று எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். முருங்கை, கறிவேப்பிலை, வாழை, மரவள்ளி, பயற்றங்காய், கத்தரி, வெண்டை, வேலி ஓரத்தில் அகத்தி, தண்ணீர் ஓடும் இடத்தில் வல்லாரை, பொன்னாங்கண்ணி. மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும்தான் உரம். யாரும் அதை ஆர்கானிக் என்று சொல்லவில்லை. வேறு உரம் வாங்கக் காசும் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் போனபோது மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்று பிழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று இங்கே இருப்பவர்கள்.

அதன் பிறகு வந்தது, கம்யூனிஸ்டுப் போராளிகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம். 1948 ஜூன் 16 அன்று இந்த ஊரின் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதுதான் அதற்கு உடனடிக் காரணம். கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று அரிசி ரேஷன் ஆனது. கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களில் பால்மரம் வெட்டப் போகிறவர் மதியச் சோற்றை வெளியே எடுத்துப் போகக்கூட அனுமதி இல்லை. வேலிக்குள் அடைபட்ட லயத்தில் காய்கறி போட இடம் குறைந்தது.

1950களின் கடைசியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். அந்தத் துண்டாடலில் வேலையும் வீடும் போன ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்துத்தான் இந்த ஊர்க்காரரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளி போட்டுத் தோட்டம் வாங்கிய கதை அது. ஆனால் நாட்டில் மற்ற இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, வந்துகொண்டே இருந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமில்லை என்பதால் வேலை முடிந்ததும் வீடும் முடிந்தது. இடம் பெயர்ந்தவர்களில் பலர் வந்து சேர்ந்தது 650 சதுர அடி மலிவு விலை அடுக்குமாடிக்கு. பால்கனியில் நான்கு தொட்டி வைக்கலாம். 2,700 சதுர அடியும் மாட்டுக் கொட்டகையும் அங்கே கிடைக்காது.

ஆக, ஒரு குடும்பத்தின் தட்டிலிருந்து கீரை காணாமல் போனதை அந்தக் குடும்பத்தின் பழக்கக் கோளாறு என்று சொல்வது நியாயமாகாது. நிலம் போனது, கீரையும் போனது.

மருந்து தூக்கியவர்கள்

இந்த விஷயத்தில் ஆர்கானிக் என்ற பேச்சு ஏன் வர வேண்டும், ஏதாவது ஒரு காய்கறி கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு நான் சொல்லும் காரணம் முதலில் தோட்டத்திலிருந்தே வருகிறது.

களைக்கொல்லியையும் பூச்சிக்கொல்லியையும் நம் மக்கள் ‘மருந்து’ என்றே சொல்கிறார்கள். முதுகில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு செம்பனை வரிசைகளுக்கு நடுவே மருந்தடிக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்தது பெண்கள். அவர்கள் பல காலம் தெளித்தவற்றில் ஒன்று பராகுவாட் என்ற களைக்கொல்லி. தோலில் பட்டால் புண்ணாகும், நகம் கறுத்து விழும், மூக்கில் ரத்தம் வரும், ஒரு வாய் உள்ளே போனால் பிழைப்பது அரிது. தொழிலாளர் உரிமைக்காகப் பாடுபடும் தெனாகானித்தா அமைப்பு இந்தப் பெண்களின் உடல்நிலையை ஆராய்ந்து 2000களின் தொடக்கத்தில் வெளியிட்டது. மலேசியா 2002இல் பராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1 அன்றுதான். அதற்குள் ஒரு தலைமுறைப் பெண்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். பராகுவாட் போனாலும் கிளைபோசேட் போன்ற மற்றவை இன்றும் அடிக்கப்படுகின்றன. அடிப்பவர்கள் இப்போது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள்.

வாழ்நாள் முழுவதும் கையாலும் மூச்சாலும் இந்த விஷத்தோடு புழங்கிய ஒருவருக்கு, வயசான காலத்தில் விஷம் படாத ஒரு கட்டுக் கீரை கிடைக்க வேண்டும் என்று நினைப்பதில் ஆடம்பரம் எதுவும் இல்லை. இயற்கைக் காய்கறி வசதியுள்ளவர்களுக்குரியது என்ற எண்ணத்தை நாம்தான் உண்டாக்கி வைத்திருக்கிறோம். அதை மாற்ற இவர்களிடமிருந்து தொடங்குவதைவிட வேறு நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அதே சமயம் உண்மையை மிகைப்படுத்தவும் கூடாது. இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2012இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட தொகுப்பு, ஆர்கானிக் உணவில் சத்து கூடுதலாக இருப்பதற்கு வலுவான சான்று இல்லை என்றது. பூச்சிக்கொல்லி எச்சம் குறைவு என்பதை ஒத்துக்கொண்டது. சாதாரணக் காய்கறி கிடைத்து, இயற்கைக் காய்கறி கிடைக்காத நாளில், சாதாரணக் காய்கறியைக் கொடுங்கள். நன்றாகக் கழுவிச் சமைத்தால் போதும். காய்கறியே இல்லாத தட்டுதான் எல்லாவற்றையும் விட மோசம்.

எவ்வளவு மோசம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், போதிய அளவு காய்கறியும் பழமும் சாப்பிடாத பெரியவர்கள் 94.9 விழுக்காடு. இது எல்லா இனத்துக்கும் சேர்த்து. பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் நாடு முழுவதும் 18.3 விழுக்காடு, இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31 விழுக்காட்டுக்கு மேல். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கும் ஒரு சமூகத்துக்குள் சீனியும் கெட்டிப்பாலும் வெள்ளை அரிசியும் நிறைந்த பையை அனுப்பிக்கொண்டே இருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. அமைச்சே ‘சுகு சுகு செபாரு’ என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். கிளினிக் சுவரில் அந்தப் படம் இருக்கிறது. உதவிப் பையில் அந்தப் பாதி இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

‘கொடுத்த சாப்பாட்டில் யாருக்காவது வயிற்றுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?’ இந்தப் பயத்தால் கொடுக்காமல் கொட்டியவர்கள் பலர். கடைகளும் ஹோட்டல்களும் இதையே காரணமாகச் சொல்லும். 2020 மார்ச் 31 முதல் இதற்கு ஒரு பதில் உண்டு. உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் 2020, அதாவது 826ஆம் சட்டம். நல்லெண்ணத்தோடு, அறநோக்கத்துக்காக உணவு கொடுத்தவர், தம் கையை விட்டுப் போகும்போது அந்த உணவு சாப்பிடத் தகுந்ததாக இருந்தால், பிறகு யாருக்காவது உடம்புக்கு வந்தாலும் நஷ்ட ஈட்டு வழக்கிலிருந்து பாதுகாக்கப்படுகிறார். கெட்டுப் போனது தெரிந்தே கொடுத்தவரையோ அலட்சியமாக இருந்தவரையோ இந்தச் சட்டம் காப்பாற்றாது. அது சரியும்கூட. இந்தச் சட்டம் இருப்பதே நம் ஊர்க் கடைக்காரர்களில் பலருக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம்.

நாட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 17,000 டன் உணவுக் கழிவு சேருகிறது என்றும், அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இன்னும் உண்ணத்தக்கது என்றும் திடக்கழிவு மேலாண்மைக் கழகம் சொல்லி வந்திருக்கிறது. மிஞ்சிய உணவைத் திரட்டிக் கொடுக்கும் அரசின் உணவு வங்கித் திட்டம் 2018இல் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் உணவு வங்கி பெரும்பாலும் நகரத்துப் பேரங்காடியின் மிச்சத்தை நம்பி ஓடுவது. எஸ்டேட் ஊர்களுக்கு அந்த லாரி வந்து சேரும்போது மிஞ்சுவது டின்னும் பாக்கெட்டும்தான்.

இன்னொரு சட்ட விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலேசியாவில் ‘ஆர்கானிக்’ என்று சீட்டு ஒட்டி விற்க, எம்.எஸ். 1529 என்ற தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். விவசாய இலாகா தரும் மைஆர்கானிக் முத்திரை அந்தத் தரத்தை ஒட்டியது. கோயில் பின்னால் பாத்தி போட்டு வளர்த்த கீரைக்கு முத்திரை இருக்காது. தானமாகக் கொடுக்க அது தேவையும் இல்லை. ஆனால் முத்திரை இல்லாததை ஆர்கானிக் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். ‘மருந்தடிக்காதது, எருவும் மீன் அமிலமும் போட்டு வளர்த்தது’ என்று நடந்ததை அப்படியே சொல்லலாம். இலவசமாக வாங்குபவருக்கும் தாம் சாப்பிடுவது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

நடந்ததைச் சொல்ல, நடப்பது சரியாக இருக்க வேண்டும். எஸ்டேட் ஊரில் காலி நிலம் என்றால் மின்கம்பத் தடத்துக்கு அடியிலோ ஆற்றோரத்திலோ செம்பனை எல்லையிலோதான் கிடைக்கும். எல்லையில் மருந்தடித்தால் காற்றில் இந்தப் பக்கம் வரும். மேட்டில் அடித்தது மழையில் ஓடையில் கலக்கும். அந்த ஓடைத் தண்ணீரை ஊற்றி வளர்த்துவிட்டு இயற்கைக் கீரை என்று சொல்ல முடியாது. எல்லையில் கிளிரிசிடியாவோ வாழையோ அடர்த்தியாக நட்டு, மழைத்தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ பயன்படுத்துவது நல்லது. தண்ணீர் பிடிக்கக் காலி மருந்து டிரம்மைக் கழுவி வைத்துக்கொள்ளும் பழைய பழக்கம் எங்கேயாவது இன்னும் இருந்தால் அதை உடனே நிறுத்த வேண்டும். எவ்வளவு கழுவினாலும் மருந்தின் எச்சம் போகாது.

எருவிலும் கவனம் வேண்டும். பச்சைச் சாணத்தில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் இருக்கும். அமெரிக்க ஆர்கானிக் விதிப்படி, மண்ணைத் தொட்டு விளையும் பயிருக்கு மக்காத எரு போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். நம் கீரை 25, 30 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். எனவே நன்றாக மக்கிய எரு மட்டும்தான். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல வருஷமாகத் தமிழ்ப்பள்ளிகளிலும் வீட்டுத் தோட்டக்காரர்களிடமும் சொல்லிக்கொடுத்து வரும் மீன் அமிலத்தை மீன் கடையில் கொட்டும் குடலையும் தலையையும் வைத்தே செய்யலாம். மீன் கழிவுக்குச் சம எடை வெல்லம் சேர்த்து மூடி மூன்று வாரம் வைத்தால் தயார். தெளிக்கும்போது நிறையத் தண்ணீர் கலக்க வேண்டும். அறுவடைக்குக் கொஞ்ச நாள் முன்பே தெளிப்பதை நிறுத்திவிட வேண்டும்.

ஒரு வாரக் கணக்கு

உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது வாரத்துக்கு 14 கிலோ. நாற்பது வீட்டுக்கு 560 கிலோ. எந்தச் சிறு பண்ணையாலும் இதைத் தானமாகக் கொடுக்க முடியாது. கேட்கவும் கூடாது. விவசாயியும் கடனோடும் மழையோடும் போராடுகிறவர்தான்.

ஆனால் வீட்டுக்கு மூன்று கிலோ என்று வைத்துக்கொண்டால் 120 கிலோ போதும். அது இரண்டு கட்டுக் கீரை, ஒரு கிலோ பயற்றங்காயோ வெண்டையோ, ஒரு கீற்றுப் பூசணி, கொஞ்சம் வாழைப்பழம். 120 கிலோவை மூன்று நான்கு இடத்திலிருந்து திரட்டலாம். பண்ணையில் கடைக்குப் போகாத வளைந்த வெள்ளரியும் சின்னக் கத்தரியும் ஒரு பங்கு. பள்ளிக்கூடத் தோட்டம், கோயில் தோட்டம் ஒரு பங்கு. மீதியை விவசாயியிடம் நியாயமான விலை கொடுத்து வாங்க வேண்டும். தானம் செய்பவர் பணம் போடுகிறார், விவசாயிக்கு வருமானம், வாங்கும் வீட்டுக்குக் காய்கறி. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வாரா வாரம் இயற்கைக் காய்கறிப் பெட்டி வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அவர்கள் ஒவ்வொருவரும் மாதம் ஒரு பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுத்தாலே இந்தப் பங்கு நிறைந்துவிடும்.

வீட்டில் பாத்தி வைத்திருப்பவர்களுக்கும் இடம் உண்டு. அமெரிக்காவின் அலாஸ்காவில், ஆங்கரேஜ் நகரத்தில், 1995இல் ஒரு பத்திரிகையின் தோட்டக்கலைப் பத்தி எழுத்தாளர் தம் வாசகர்களை ஒரே ஒரு வரிசை கூடுதலாக நட்டு அந்த விளைச்சலை ஏழைகளுக்கான சமையல்கூடத்துக்குக் கொடுக்கச் சொன்னார். அந்தச் சின்ன வேண்டுகோள் நாடு முழுக்கப் பரவியது. வருஷத்தில் பாதி பனி மூடிக் கிடக்கும் ஊர் அது. நமக்குப் பன்னிரண்டு மாதமும் விளையும்.

நாள் எது என்பது அளவைவிட முக்கியம். சனிக்கிழமை விடியலில் அறுத்து, நிழலில் ஈரச் சாக்கு போர்த்தி வைத்து, பத்து மணிக்குள் மேசையில் வைத்தால் அன்று மதியமே சட்டிக்குப் போகும். முதல் நாளே அறுத்துக் கழுவி பிளாஸ்டிக் பையில் கட்டினால் சனிக்கிழமை காலையில் அழுகல் வாடைதான் வரும். ஈரம் உள்ளே அடைபட்டால் கீரைக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. கழுவுவதை வீட்டில் சமைக்கும்போது செய்துகொள்ளச் சொல்லலாம்.

இந்தக் கணக்கு முழுவதையும் ஒரே அடியில் சுலபமாக்கும் இடம் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. கோயில் சமையலறை. 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிற மக்கள் நாம். இங்கே வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் திருவிழாவுமாக அன்னதானம் நடக்காத கோயில் அபூர்வம். முப்பது கிலோ கீரை ஒரு பெரிய அன்னதானத்தில் ஒரே மதியத்தில் தீர்ந்துவிடும். சேமிப்புப் பிரச்சினை இல்லை, வீடு வீடாக ஓட வேண்டியதில்லை, சமைக்க எரிவாயு இல்லாத வீட்டாரும் சாப்பிடலாம். சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும். பாயசத்தையும் சீனித் தண்ணியையும் ஒரு வாரம் விட்டுப் பார்த்து, இலையில் பொரியலும் கூட்டும் கீரை மசியலும் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்படி பரிமாறினால், அதுவே பெரிய காரியம். சாமிக்குப் படைத்த கீரையைப் பிள்ளைகள்கூட முகம் சுளிக்காமல் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாருக்கும் எல்லாக் கீரையும் ஆகாது

இதை எழுதாமல் விட்டால் கட்டுரை ஆபத்தாகிவிடும். நீரிழிவு முற்றினால் சிறுநீரகம் கெடுகிறது. டயாலிசிஸ் நிலையத்துக்கு வாரம் மூன்று தடவை போய் வருகிறவர் நம் தாமான்களில் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். அவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகும் அபாயம் உண்டு. முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, வாழைப்பழம், தக்காளி, இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். மற்றவருக்கு நல்லது செய்யும் அதே கட்டு இவர்களுக்குக் கேடு செய்யும். எவ்வளவு, எப்படி வேகவைத்துத் தண்ணீரை வடித்துச் சாப்பிடலாம் என்பதை அவர்களுடைய மருத்துவமனை உணவு ஆலோசகர்தான் சொல்ல வேண்டும். பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழத்தை மட்டும் சிறுநீரக நோயாளி இருக்கும் வீட்டுக்குக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள நச்சு சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் தங்கி மூளையைத் தாக்கும், உயிரே போகலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகளும் கீரை அளவைத் திடீரென்று கூட்டக்கூடாது.

அதனால்தான் கீரை கொடுப்பவர் வீட்டை அறிந்தவராக இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன். ‘வீட்டில் யாருக்காவது கிட்னி பிரச்சினை இருக்குதா அக்கா?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள். அந்த வீட்டுப் பையில் கீரைக்குப் பதிலாகச் சுரைக்காய், முட்டைக்கோஸ், வெள்ளரிக்காய் வைக்கலாம்.

கேட்கும் முறையிலும் மரியாதை வேண்டும். 2021 ஜூலையில், ஊரடங்கு நீண்டு வேலை போய்ச் சோற்றுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். நாடே அப்போது ஓடிவந்து கொடுத்தது. ஆனால் கட்டாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த வீடுகளும் இருந்தன. கொடுப்பதைப் படம் பிடித்துப் போடும் பழக்கம் அவர்களை இன்னும் உள்ளே தள்ளுகிறது. எங்கள் பக்கம் பார்த்ததில் பையைவிட மேசை நல்லது. பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தைக் கடை மாதிரி காய்கறியை விரித்து வைத்து, வருகிறவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது. பாகற்காய் பிடிக்காத வீட்டுக்குப் பாகற்காய் போய்க் குப்பையில் விழாது. எடுப்பவருக்கும் வாங்குவது போன்ற உணர்வு இருக்கும். ஒரு அம்மா ஒவ்வொரு வெண்டைக்காயையும் நுனியை ஒடித்துப் பார்த்து எடுப்பதைப் பார்த்து ஒரு இளைஞர், ‘ஃப்ரீயாகக் கொடுத்தும் இப்படிப் பார்க்கிறாங்களே’ என்று முணுமுணுத்தார். முற்றிய வெண்டைக்காயை யாருக்கும் கொடுக்கக்கூடாது, அந்த அம்மா பார்ப்பது சரி என்று அந்த இளைஞருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

கையில் தொட்டி வைக்க இடமுள்ளவர்களுக்குக் காய்கறியோடு நாற்றும் கொடுக்கலாம். முருங்கைக் கொம்பு, கறிவேப்பிலைக் கன்று, பொன்னாங்கண்ணித் தண்டு எல்லாம் ஒடித்து நட்டாலோ பெயர்த்து வைத்தாலோ வருபவை. ஆனால் வேலைக்கு இரண்டு ஷிப்ட் ஓடும் பெண்ணிடம் ‘நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுக் கை கழுவுவது சரியில்லை. நாற்று என்பது கூடுதல்தான். சனிக்கிழமை மேசை இருக்கத்தான் வேண்டும்.

மேசை தொடர்ந்து இருப்பதுதான் கஷ்டம். ஆண்டுக் கடைசி மழையில் கீரைப் பாத்திகள் தண்ணீரில் அழுகும். இரண்டு வாரம் மேசை காலியாக இருந்தால் மூன்றாவது வாரம் யாரும் வரமாட்டார்கள். அந்த வாரங்களுக்குக் காத்திருக்கக் கூடிய காய்கறி வேண்டும். சக்கரவள்ளிக் கிழங்கு சில வாரம் தாங்கும். சேனைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் தாங்கும். காம்போடு அறுத்து, தரையில் படாமல் காற்றோட்டமாக அடுக்கினால் பூசணி ஒன்றிரண்டு மாதமும் சாம்பல் பூசணி அதற்கு மேலும் இருக்கும். பூசணிக்கு விதை ஊன்றியதிலிருந்து அறுவடைக்கு மூன்று மாதம் பிடிக்கும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தமிழ்நாட்டு மழைக்காகச் சொன்னது. இங்கே மழையின் கணக்கு வேறு, ஆனால் நாள் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஆடியில் கோயில் பின்னால் இருபது குழி தோண்டி விதை போட்டால், ஐப்பசியில் தீபாவளிப் பை கட்டும்போது அரிசிக்குப் பக்கத்தில் வைக்கப் பூசணி இருக்கும்.